பனியில டென்ட்ல தூங்கப் போறீங்களா? மூஞ்சியை மூடுங்க, மூச்சை வெளிய விடுங்க

டிசம்பர் பொறந்தாலே நம்ம ஊர்ல இருந்து நிறைய பேர் டேராடூன், ரிஷிகேஷ்னு டிக்கெட் போட ஆரம்பிச்சிடுறாங்க, கேதார்கண்டா, பிரம்மதால், குவாரி பாஸ்னு பனி ட்ரெக் போறதுக்கு. போறவங்க எல்லாரும் கேக்கறது ஷூ எது வாங்கறது, ஜாக்கெட் எது வாங்கறதுன்னுதான். ராத்திரி எப்படி தூங்கறதுன்னு கேட்டவங்களை நான் பாத்ததே இல்ல. ஆனா நான் பாத்த வரைக்கும், ட்ரெக்ல பாதியில திரும்பி வர்றவங்கள்ல பல பேர் நடக்க முடியாம திரும்புறதில்ல, ரெண்டு ராத்திரி தூங்காம உடம்பு விட்டுப்போய்த்தான் திரும்புறாங்க. அதனால இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முழுசா எழுதறேன், குளிர்ல வெளிய படுக்கும்போது நம்ம மூச்சுல இருந்து வர்ற ஈரத்தை என்ன பண்றது, மூஞ்சியை எப்படி சூடா வெச்சுக்கறது.

என் முதல் பனி ராத்திரி கேதார்கண்டா பேஸ் கேம்ப்ல, 11,000 அடிக்கு மேல, ஜனவரி மாசம். கைடுகிட்ட இருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 11 காட்டுச்சு. ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போனதும் மூக்கு நுனி சில்லுனு ஆயிடுச்சு, நான் என்ன பண்ணேன்னா, வீட்ல கொசுவுக்குப் பயந்து பெட்ஷீட்டைத் தலையோட இழுத்துப் போத்திக்கிற மாதிரியே பேக்கோட தலைப்பக்கத்தை மூஞ்சி மேல இழுத்து மூடிட்டு சுருண்டு படுத்துட்டேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. 3 மணி வாக்குல முழிப்பு வந்தப்ப கழுத்துப்பக்கம் துணி நசநசன்னு ஈரம், நெஞ்சுக்கு மேல இருந்த இறகெல்லாம் கட்டிகட்டியா ஒட்டிக்கிட்டு அந்த இடத்துல மட்டும் பேக் வெறும் துணி மாதிரி தொங்குது, உள்ள குளிர் இறங்குது, தலைவேற பாரமா இருக்கு. விடியற வரைக்கும் உக்காந்துதான் இருந்தேன்.

காலைல எங்க கைடு, சாங்க்ரி பக்கத்து கிராமத்துக்காரர், என் பேக்கைத் தொட்டுப் பாத்த உடனே விஷயம் புரிஞ்சுபோய் ஒரே வரில சொன்னார், "நாக் பாஹர், பாக்கி சப் அந்தர்." மூக்கு வெளிய, மத்தது எல்லாம் உள்ள. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது, மீதி எல்லாம் அந்த வெளிய இருக்கற மூக்கை எப்படி காப்பாத்தறதுங்கறதுதான்.

ஏன் இவ்ளோ ஈரம்

நாம விடற மூச்சு உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கம்மியான சூட்டோட, ஈரம் முழுசா ஏறிப்போய் வெளிய வருது. 34 டிகிரி சூட்ல இருக்கற காத்து ஒரு கன மீட்டருக்கு 37 கிராம் வரைக்கும் தண்ணியை ஆவியா தூக்கிட்டு நிக்கும். அதே காத்து மைனஸ் 10-க்கு இறங்குனா 2 கிராம் சொச்சத்துக்கு மேல தாங்காது. அப்ப மீதி தண்ணி எங்க போகும், எது குளிர்ந்து கிடக்குதோ அது மேல போய் ஒட்டிக்கும். இட்லிப் பானை மூடியைத் தூக்கிப் பாத்தா உள்பக்கம் முத்து முத்தா நிக்கும்ல, அதேதான், பானைக்குள்ள நம்மளே உக்காந்திருக்கோம்.

தூங்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காத்து இழுத்து விடறோம்னு வைங்க, 8 மணி நேரத்துக்கு 2,900 லிட்டர் கிட்ட வருது. கணக்குப் போட்டா ஒரு ராத்திரிக்கு 50-ல இருந்து 100 மில்லி தண்ணி மூச்சு வழியாவே போகுது, அதாவது ஒரு சின்ன டம்ளர் காப்பி அளவு. உயரத்துல ஆக்சிஜன் கம்மிங்கறதால இன்னும் வேகமா மூச்சு வாங்குவோம், அதனால இன்னும் கூட ஆகும். இந்த ஒரு டம்ளர் தண்ணியை நீங்களே எடுத்து பேக் மேல ஊத்துவீங்களா, மாட்டீங்க, ஆனா தலையோட மூடிப் படுத்தா அதைத்தான் பண்றீங்க.

வாத்துத் தூவி அடைச்ச பேக்குன்னா இது இன்னும் மோசம், ஏன்னா அந்தத் தூவி சூடு குடுக்கறது அதோட உப்பலால, உள்ள அடைஞ்சு நிக்கற காத்தால. ஈரம் பட்டா உப்பல் அமுங்கிடும். செயற்கைப் பஞ்சு வெச்ச பேக் ஈரத்துலயும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனா வெயிட்டா இருக்கும், மடிச்சாலும் பெருசா இருக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துக்க வேண்டியது

பேக் வாடகைக்கு எடுக்கறவங்கதான் நம்மள்ல அதிகம், அதுல தப்பே இல்ல. ஆனா கடைலயே அதைத் தரையில விரிச்சு, ஷூவை மட்டும் கழட்டிட்டு உள்ள படுத்துப் பாத்துடுங்க, வெக்கப்படாதீங்க. மூணு விஷயம் பாக்கணும். ஜிப் மேல வரைக்கும் சிக்காம வருதா. தலைப்பக்கம் கேப் மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதுல கயிறு இழுத்தா மூஞ்சியைச் சுத்தி நல்லா சுருங்குதா. அப்புறம் கழுத்து கிட்ட உள்பக்கம் தலையணை மாதிரி உப்பலா ஒரு வளையம் தெச்சிருக்கான்னு பாருங்க, அதுக்கும் தனியா ஒரு கயிறு இருக்கும். இந்தக் கழுத்து வளையம்தான் புதுசா போறவங்களுக்குத் தெரியவே தெரியாத பாகம், அதை இறுக்கலைனா நீங்க ஒவ்வொரு தடவை புரளும்போதும் உள்ள இருக்கற சூடான காத்து புஸ்ஸுன்னு மூஞ்சி வழியா வெளிய போயிடும், குளிர் காத்து உள்ள வந்துடும். எனக்கு ஒரு தடவை குடுத்த வாடகை பேக்ல தலைக் கயிறோட க்ளிப்பே உடைஞ்சு இருந்துச்சு, மலைமேல போய்த்தான் கவனிச்சேன், ரெண்டு ராத்திரியும் ஷூ லேஸ் போட்டுக் கட்டிக்கிட்டு படுத்தேன்.

பேக் மேல எழுதியிருக்கற டிகிரி பத்தி ஒரு வார்த்தை. கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க. லிமிட் நம்பர்ங்கறது சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கற அளவு, நல்லா தூங்கற அளவு இல்ல. நம்ம 30 டிகிரில வாழ்ந்து பழகுன உடம்பு, அதனால கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாருங்க. அந்த நம்பருமே தலை மூடி, கயிறு இழுத்து, அடியில நல்ல மேட் போட்டுப் படுத்தா என்னங்கறதுதான்.

மூஞ்சிக்கு என்ன எடுத்துக்கணும்னா, பெருசா செலவே இல்ல. முதல்ல மங்கி குல்லா. ஆமா, மார்கழி மாசம் தாத்தா போட்டுட்டு வாக்கிங் போவாரே அதேதான், காது, கன்னம், தாடை, கழுத்து நாலையும் ஒண்ணா மூடற பொருள் அதைவிட வேற இல்ல. கம்பளி நூல்ல இருந்தா நல்லது, ஃபிளீஸ்ல, அதாவது மெத்துன்னு இருக்கற செயற்கைக் கம்பளித் துணில இருந்தாலும் ஓகே, காட்டன் மட்டும் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது. அடுத்து மெல்லிசான பஃப், அதாவது கழுத்துல மாட்டி மூக்கு வரைக்கும் ஏத்திக்கற குழாய் மாதிரி துணி, ரெண்டு, ஒண்ணு இல்ல ரெண்டு, ஏன்னு அப்புறம் சொல்றேன். ஒரு மஃப்ளர். கைக்குட்டை சைஸ்ல ரெண்டு ஃபிளீஸ் துணி, பழைய ஃபிளீஸ் டீசர்ட்டை வெட்டுனாலே போதும். சின்ன டப்பா வாசலின். தண்ணி உறிஞ்சற ஒரு மைக்ரோஃபைபர் துணி, கார் துடைக்கறது இருக்குமே அது.

கேம்ப் போய்ச் சேந்ததும்

பள்ளமான இடத்துல டென்ட் போட வேண்டாம், குளிர் காத்து கனமா இருக்கறதால ராத்திரி கீழ இறங்கி அங்கதான் தேங்கும். ஓடை ஓரம், உறைஞ்ச குளத்தோட கரை, இதெல்லாம் பாக்க அழகா இருக்கும், கேதார்கண்டா வழியில ஜூடா கா தாலாப் கரையில படுத்தவங்களுக்குத் தெரியும், காலைல டென்ட் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையா பூத்திருக்கும். கொஞ்சம் மேடா, மரங்களுக்குப் பக்கத்துல இருந்தா பனி இறங்கறது குறையும். க்ரூப்பா போனா இடத்தை நாம முடிவு பண்ண முடியாதுதான், ஆனா டென்ட் ஜன்னலை முடிவு பண்றது நம்ம கைலதான் இருக்கு.

அதுதான் எல்லாரும் தப்பு பண்ற இடம். குளிருதுன்னு டென்டோட எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிடுவாங்க. மூணு பேர் படுத்தா மூணு டம்ளர் தண்ணி, அவ்ளோவும் வெளிய போக வழியில்லாம மேல் துணில ஒட்டி உறைஞ்சு, விடிகாலைல யாராவது எழுந்து துணியைத் தட்டுனா பொலபொலன்னு மூஞ்சி மேல கொட்டும். அதுக்குப் பதிலா மேல இருக்கற காத்து ஓட்டையைத் திறந்தே விடுங்க, வாசல் ஜிப்பை மேல் பக்கமா ஒரு சாண் திறந்து வைங்க, முடிஞ்சா எதிர்ப்பக்கம் கீழ கொஞ்சம் திறப்பு இருக்கட்டும், ஈரக்காத்து சூடா இருக்கறதால மேல வழியா போயிடும். டென்டுக்குள்ள சூடு குறைஞ்சிடாதான்னு கேப்பீங்க. மூடுனாலுமே வெளிய இருக்கறதைவிட உள்ள கொஞ்சம் டிகிரிதான் கூட இருக்கும். டென்ட் வேலை காத்தையும் பனியையும் தடுக்கறது, சூடு குடுக்கற வேலை உங்க பேக்கோடது. ஈரமில்லாத மைனஸ் 10, ஈரத்தோட இருக்கற மைனஸ் 6-ஐ விட எவ்ளோவோ மேல், ரெண்டுலயும் படுத்துட்டுத்தான் சொல்றேன்.

ஈரமான சாக்ஸ், கிளவுஸ் இதையெல்லாம் டென்டுக்குள்ள கயிறு கட்டிக் காயப் போடாதீங்க, அந்த ஈரமும் நம்ம தலைக்கு மேலதான் போய் உக்காரும்.

படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்

சூடா உள்ள போனாத்தான் சூடா இருக்க முடியும், பேக் சூட்டை உண்டாக்காது, உங்க சூட்டைப் பிடிச்சு வைக்கும் அவ்ளோதான். அதனால சாப்பிட்டு முடிச்சதும் உடனே போய்ப் படுக்காம ஒரு பத்து நிமிஷம் கேம்ப்பைச் சுத்தி நடங்க, வேர்க்கற அளவுக்கு வேண்டாம். நடந்த டிரஸ்ஸோட அப்படியே படுக்கக் கூடாது, அதுல பகல் வேர்வை இருக்கும். தூங்கறதுக்குன்னு ஒரு செட் தெர்மல், ஒரு ஜோடி சாக்ஸ் தனியா பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சிருங்க, அதைத் தொடவே கூடாது பகல்ல.

கிச்சன் டென்ட்ல வெந்நீர் வாங்கி பாட்டில்ல நிரப்பி, மூடி இறுக்கமா இருக்கான்னு கவுத்துப் பாத்துட்டு, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு பேக்குக்குள்ள விடுங்க. முதல்ல நெஞ்சு கிட்ட, அப்புறம் கால் கிட்ட. இது மூஞ்சிக்கு எப்படி உதவும்னா, உடம்பு நடுவுல சூடு மிச்சம் இருந்தாத்தான் ரத்தம் மூக்கு நுனி வரைக்கும் தாராளமா போகும், நடுவுல குளிர்ந்தா முதல்ல கை, கால், மூக்கு, காதுக்குத்தான் உடம்பு சப்ளையைக் குறைக்கும். அதே மாதிரி நல்லா தண்ணி குடிங்க, மூச்சுல போற தண்ணியை ஈடு கட்டணும், இல்லனா காலைல தொண்டை காஞ்சு தலைவலியோட எழுந்திரிப்பீங்க, அதை உயரத்தோட தலைவலின்னு நெனச்சு பயப்படவும் செய்வீங்க. குளிருக்கு நல்லதுன்னு யாராவது ரம் நீட்டுனா வேண்டாம்னு சொல்லிடுங்க, தோல்ல சூடு மாதிரி தெரியும், ஆனா உள்ள இருக்கற சூட்டை வெளிய விட்டுடும்.

மூக்கைச் சிந்தி சுத்தம் பண்ணிட்டுப் படுங்க. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா மூக்கு வழியா மூச்சு விடறதுக்கும் வாய் வழியா விடறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. மூக்கு, உள்ள போற காத்தைச் சூடாக்கி ஈரமாக்கும், திரும்ப வர்ற காத்துல இருந்து கொஞ்சம் சூட்டையும் ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். வாய் அதைச் செய்யாது. மூக்கடைப்போட போறவங்க வெந்நீர்ல ஆவி பிடிச்சுட்டுப் படுங்க. உதடு, மூக்கு நுனி, மூக்குத் துவாரத்துக்குக் கீழ வாசலின் லேசா தடவிக்கோங்க, இது குளிரைத் தடுக்காது, வறண்டு வெடிக்கறதைத் தடுக்கும்.

ஆஸ்துமா இருக்கறவங்க இன்ஹேலரை பையில போட்டு டென்ட் மூலைல வெக்காதீங்க, பேக்குக்குள்ள கூடவே வெச்சுக்கோங்க, குளிர்ந்துபோனா அது சரியா வேலை செய்யாது. கான்டாக்ட் லென்ஸ் டப்பா, போன், பேட்டரி எல்லாம் அதே இடம்தான்.

உள்ள நுழையற முறை

இதை வரிசையா செய்யணும், இருட்டுல கை உறைஞ்சுபோய் செய்யறப்ப வரிசை மாறுனா எல்லாத்தையும் திரும்ப அவுக்கணும்.

முதல்ல பேக்கை நல்லா உதறி உப்ப விடுங்க, சுருட்டி வெச்சதை அப்படியே விரிச்சுப் படுத்தா பாதி சூடுதான். மங்கி குல்லாவை வெளிய இருக்கும்போதே போட்டு புருவம் வரைக்கும் இழுத்து விடுங்க. மஃப்ளரை கழுத்துல ஒரு சுத்து மட்டும், இறுக்காம. உள்ள போய் ஜிப்பை மேல வரைக்கும் போட்டதும், கழுத்து வளையத்தோட கயிறை மொதல்ல இழுங்க. கழுத்தைச் சுத்தி இடைவெளி இல்லாம உக்காந்திருக்கணும், ஒரு விரல் போற அளவு லூஸ் இருந்தா போதும். அங்க ஓட்டை இருந்தா அந்த மஃப்ளர் அதை அடைக்கும். அதுக்கப்புறம்தான் தலைக் கயிறு. அதை எவ்ளோ இழுக்கணும்னா, கடைசில மூக்கும் வாயும் மட்டும் தெரியற மாதிரி, மூடுன கை அளவுக்கு ஒரு ஓட்டை மிச்சம் இருக்கணும். கண்ணும் உள்ளயே போயிடும். முதல் ராத்திரி கொஞ்சம் பயமா இருக்கும், குகைக்குள்ள படுத்த மாதிரி, கயிறோட க்ளிப் எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டு ரெண்டு மூணு தடவை தொட்டுத் தொட்டு அவுத்துப் பழகிட்டீங்கன்னா அந்தப் பயம் போயிடும்.

இப்ப அந்த ஓட்டை வழியா தெரியற மூக்கு. பஃப்பை மூக்கு மேல லேசா ஏத்தி விடுங்க, வாயை அழுத்தி மூடக் கூடாது. நீங்க விடற மூச்சு அந்தத் துணியைச் சூடாக்கும், அடுத்து இழுக்கற காத்து அந்தச் சூட்டைக் கொஞ்சம் வாங்கிட்டு வரும், தொண்டைக்கும் இதமா இருக்கும். ஆனா அந்தத் துணி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல நனையும், மைனஸ்ல முன்பக்கம் விறைச்சும் போகும். அதுக்குத்தான் ரெண்டாவது பஃப், அதை உள்ள நெஞ்சு கிட்ட சூடா வெச்சிருங்க, நடு ராத்திரி மாத்திக்கலாம். முக்கியமான இடம் இது, கவனமா கேளுங்க, அந்தப் பஃப்போட கீழ்ப்பகுதியை பேக்குக்குள்ள செருகாதீங்க. செருகுனா மேல பிடிச்ச ஈரம் துணி வழியாவே ஊறி ஊறி கழுத்துக்கு இறங்கும், நாம எதுக்கு இவ்ளோ பாடுபட்டோமோ அது வீணாப்போயிடும். கழுத்துக்கு ஏற்கனவே மங்கி குல்லாவும் மஃப்ளரும் இருக்கு, பஃப் வெறும் மூக்குக்கு மட்டும்தான்.

அந்த ஃபிளீஸ் துணி எதுக்குன்னா, ஓட்டைக்குக் கீழ, தாடை பக்கத்துல பேக்கோட விளிம்பு மேல குழந்தைக்குக் கட்டற பிப் மாதிரி போட்டு வைங்க. மூச்சு போய் முதல்ல படற இடம் அதுதான். காலைல பாத்தா பேக் காஞ்சிருக்கும், ஃபிளீஸ் துணி மேல வெள்ளையா பொடிப்பனி படிஞ்சிருக்கும், எடுத்து ரெண்டு உதறு, அவ்ளோதான்.

ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. உடம்பு மட்டும் பேக்குக்குள்ள திரும்பிட்டா மூக்கு ஓட்டையை விட்டு விலகி பேக் துணிக்குள்ள போயிடும், தூக்கத்துல தெரியவே தெரியாது. அதனால பேக்கோட சேர்ந்து புரளணும், நாமளும் பேக்கும் ஒரே ஆள்ங்கற மாதிரி. ரொம்பப் புரள்றவங்க தலையணையை பேக்கோட தலைப்பகுதிக்குள்ள வெக்காம வெளிய, அடியில வைங்க, தலைப்பகுதி உங்க தலையோடயே திரும்பும்.

நடு ராத்திரி முழிப்பு வந்தா

10,000 அடிக்கு மேல தூங்கும்போது சில பேருக்கு மூச்சு ஒரே சீரா இருக்காது, வேகமா நாலஞ்சு மூச்சு, அப்புறம் சில நொடி நின்ன மாதிரி, திடீர்னு இழுத்து வாங்கிட்டு திக்குனு முழிப்பு. உயரத்துல இது சகஜமா நடக்கறதுதான். ஆனா அந்த நேரத்துல மூஞ்சி மூடியிருந்தா மூச்சு முட்டுற மாதிரி பதட்டம் வரும், விட்ட காத்தையே திரும்ப இழுத்தா தலைவலியும் வரும். மூக்கு வெளிய இருக்கணும்னு சொல்றதுக்கு ஈரத்தைவிட இது பெரிய காரணம். அப்படி முழிச்சா கயிறைத் தளத்தி, பஃப்பை இறக்கி, ஒரு நிமிஷம் வெறும் காத்தை மெதுவா மூக்கால இழுங்க. ஆனா தலைவலி போகாம வாந்தி வர்றது, நடை தள்ளாடுறது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கறது, இதெல்லாம் இருந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே லீடரை எழுப்புங்க.

ஒண்ணுக்கு வந்தா அடக்கிக்கிட்டுப் படுக்காதீங்க, அந்த அவஸ்தையில தூக்கமும் வராது. போயிட்டு வந்து மறுபடி அதே வரிசை, கழுத்துக் கயிறு, தலைக் கயிறு, பஃப் மாத்தறது. நடு ராத்திரி மூக்கு ரொம்ப சில்லுனு இருந்தா உள்ள இருந்து ஒரு கையை எடுத்து வெறும் உள்ளங்கையால மூக்கைப் பொத்திக்கோங்க, ஒரு நிமிஷத்துல சூடு திரும்பும். இது ரொம்ப சாதாரண விஷயம், ஆனா எனக்கு இதைவிட வேகமா வேலை செஞ்ச வேற வழி தெரியல.

மூக்கு நுனி, கன்னம், காது மடல் எங்கயாவது மரத்துப்போய் வெளுத்த மாதிரி இருந்தா அது உறையறதுக்கான முதல் அடையாளம். தேய்க்கவே கூடாது, பனியால தேய்க்கற பழைய வைத்தியம் சுத்தமா தப்பு. உள்ளங்கை சூடு போதும். சூடு குடுத்தும் உணர்ச்சி வரலைனா லீடர்கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, எவ்ளோ குளிர்னாலும் டென்டுக்குள்ள அடுப்பு பத்த வெக்காதீங்க, அங்கீட்டியை, அதாவது வடக்க குளிர் காயற கரி அடுப்பை, உள்ள கொண்டு வராதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, முழிப்பும் வராது. வட இந்தியால ஒவ்வொரு குளிர்காலமும் ரூமுக்குள்ள அங்கீட்டி வெச்சுட்டுத் தூங்கி உயிர் போன செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. டென்ட் அதைவிடச் சின்ன ரூம்.

காலைல

எழுந்ததும் டென்ட் சுவரைத் தட்டாதீங்க. முதல்ல பேக்கைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டு, மைக்ரோஃபைபர் துணியால உள்சுவரை மெதுவா துடைச்சு எடுங்க, உறைஞ்சிருந்தா சுரண்டி வெளிய கொட்டுங்க. அப்புறம் பேக்கை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பி டென்ட் மேலயோ பாறை மேலயோ போடுங்க. காஞ்ச குளிர் காத்துல, வெயில் பட்டா, நீங்க பல்லு விளக்கி மேகி சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நல்லாவே காஞ்சிடும், பனிக்கட்டி தண்ணியாகாமலேயே ஆவியா போறதைக் கண்ணால பாக்கலாம். முன்பக்கம், கழுத்துப் பக்கம் ரெண்டையும் கையால பிசைஞ்சு பாருங்க, கட்டி தட்டுப்பட்டா விரலால பிரிச்சு விடுங்க. கிளம்பற அவசரத்துல ஈரத்தோட சுருட்டி கவர்ல அமுக்குனீங்கன்னா, சாயங்காலம் அடுத்த கேம்ப்ல விரிக்கும்போது அது இன்னும் குளிர்ந்த பேக்.

இன்னும் குளிரான இடத்துக்குப் போறவங்க

மேல சொன்னது எல்லாம் ரெண்டு மூணு ராத்திரி, மைனஸ் 10, 12 வரைக்கும் போதும். சாதர் மாதிரி உறைஞ்ச ஜான்ஸ்கர் ஆத்து மேல நடக்கற ட்ரெக், ராத்திரி மைனஸ் 20-க்குக் கீழ போற இடம், தொடர்ந்து அஞ்சாறு ராத்திரின்னா கணக்கே வேற. அங்க மூச்சை வெளிய விட்டாலும் தோல்ல இருந்து போற ஈரம் பேக்கோட பஞ்சுக்குள்ளயே எங்கயோ உறைஞ்சு தங்கிடும், நாளுக்கு நாள் சேரும். 1911-ல பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டோட அண்டார்டிகா குழுவுல இருந்து 3 பேர் குளிர்கால இருட்டுல பென்குயின் முட்டை எடுக்க கேப் க்ரோஸியர் வரைக்கும் 5 வாரம் போயிட்டு வந்தாங்க, மைனஸ் 60 டிகிரி வரைக்கும் பாத்தாங்க. மூச்சும் வேர்வையும் உறைஞ்சு அவங்க பேக்கெல்லாம் பலகை மாதிரி ஆயிடுச்சு, ராத்திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமா இளக்கித்தான் உள்ளயே போக முடிஞ்சுது.

இப்ப அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தூவி பேக் மேல செயற்கைப் பஞ்சு வெச்ச மெல்லிசான இன்னொரு பேக்கைப் போத்தறது, ஈரம் வந்து உறையற இடம் வெளிப் பேக்குக்குத் தள்ளிப்போயிடும், தூவி காஞ்சே இருக்கும். இன்னொண்ணு, ஈரம் புகாத பிளாஸ்டிக் மாதிரியான உள்ளுறை போட்டு அதுக்குள்ள படுக்கறது, தோல் ஈரம் பேக்குக்கே போகாது, ஆனா உள்ள நசநசன்னு இருக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. இந்த உள்ளுறை மூச்சு ஈரத்துக்கு இல்ல, வேர்வைக்கு மட்டும்தான், மூக்கு அப்பவும் வெளியதான். உலோக வலை வெச்ச மாஸ்க்னு ஒண்ணு கிடைக்குது, மூச்சோட சூட்டை வலை பிடிச்சு திரும்பக் குடுக்கும். சாதர் மாதிரி இடத்துக்கு எடுத்துட்டுப் போகலாம், கேதார்கண்டாவுக்கு அந்தச் செலவு வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஊர்லயே ஒத்திகை

இமயமலை போய்த்தான் முதல் தடவை கயிறு இழுத்துப் பாக்கணும்னு இல்ல. நீலகிரில நவம்பர்ல நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர் கடைசி, ஜனவரில உறைபனிக்கு வந்துடும், தலைகுந்தா பக்கம் விடிகாலைல புல்வெளி உப்பு தூவுன மாதிரி வெள்ளையா கிடக்கும். ஊட்டியிலயோ கொடைக்கானல் மேல மன்னவனூர், பூம்பாறை பக்கமோ அனுமதியோட டென்ட் போட விடற இடத்துல ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. காட்டுக்குள்ள சொந்தமா போய் டென்ட் போடாதீங்க, வனத்துறை அனுமதி இல்லாம அது குத்தம், யானை, கரடி, காட்டெருமை நடமாட்டமும் இருக்கு. யாராவது சொந்தக்காரங்க வீடு இருந்தா மொட்டை மாடியே போதும்.

அங்க ஒரு ராத்திரில பாதி நேரம் தலையோட மூடிப் படுங்க, பாதி நேரம் மூக்கு வெளிய விட்டுப் படுங்க. மாத்தறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பேக்கோட கழுத்துப் பக்கத்தை உள்ளங்கையால ஒரு தடவை அழுத்திப் பாத்துட்டு, ஈரமா இருந்தா துடைச்சு விட்டுட்டு மாத்துங்க. காலைல மறுபடி அதே இடத்தை அழுத்திப் பாருங்க. அதோட கிளவுஸ் போட்ட கையால கண்ணை மூடிட்டு க்ளிப்பை அவுக்க எத்தனை நொடி ஆகுதுன்னும் பாத்துக்கோங்க, அஞ்சு நொடிக்கு மேல ஆனா கயிறு நுனில ஒரு முடிச்சு போட்டு வைங்க, இருட்டுல கைக்கு அகப்படும்.